கோர்ட் செய்தி ஆங்கிலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆங்கில நாளிதழில் 'ஸ்டே', 'குவாஷ்', 'செட் அசைட்', 'ஸ்ட்ரைக் டவுன்', 'ரிப்பீல்' என்று எது வந்தாலும் 'ரத்து' என்றே மனத்தில் பதிகிறது. எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்வது?
– போட்டித் தேர்வு மாணவி, தருமபுரி

பதில்: இந்தச் சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் கலந்துவிடும். ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். செய்தது யார்? எதன்மீது செய்தார்கள்? அதன் பிறகும் அந்தச் சட்டமோ உத்தரவோ உயிரோடு இருக்கிறதா?

'ஸ்டே' என்பது இடைக்காலத் தடை. சட்டம் ஏட்டில் அப்படியே இருக்கும், செயல்படாது. தடை விலகினால் மீண்டும் நடைமுறைக்கு வரும். 'குவாஷ்' என்பது எஃப்.ஐ.ஆர்., அரசாணை, தடுப்புக்காவல் உத்தரவு போன்றவற்றை நீதிமன்றம் அடியோடு நீக்குவது. 'செட் அசைட்' பெரும்பாலும் மேல் நீதிமன்றம் கீழ் நீதிமன்றத் தீர்ப்பை நீக்கும்போது வரும். 'ஸ்ட்ரைக் டவுன்' அரசமைப்புக்கு முரணான சட்டத்துக்கும் திட்டத்துக்கும் உரியது. தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று நீக்கியபோது பத்திரிகைகள் இதைத்தான் எழுதின. 'ரிப்பீல்' நீதிமன்றத்தின் வேலையே அல்ல. சட்டம் இயற்றிய மன்றமே அதைத் திரும்பப் பெறுவது அது.

மூன்று வேளாண் சட்டங்களின் கதையைத் தேதிவாரியாகப் படித்தால் இந்தச் சொற்களில் பல ஒரே கோட்டில் கிடைத்துவிடும். 2020 ஜூன் 5 அன்று அவசரச் சட்டமாகப் பிறப்பிக்கப்பட்டன: 'ஆர்டினன்ஸ் ப்ரோமல்கேட்டட்'. செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் மசோதாவாக நிறைவேறின: 'பில் பாஸ்டு'. அந்த மாத இறுதிக்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வந்தது: 'அசென்ட்'. 2021 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றின் அமலாக்கத்தை நிறுத்தியது: 'ஸ்டே'. அப்போதும் அவை சட்டங்களாகவே இருந்தன. போராட்டம் ஓயாததற்கு அதுவும் ஒரு காரணம். நவம்பர் 29 அன்று இரு அவைகளும் திரும்பப் பெறும் மசோதாவை நிறைவேற்றின: 'ரிப்பீல்'.

இன்னும் இரண்டு சொற்கள் இந்த வரிசையில் சேரும். அவசரச் சட்டத்துக்கு யாரும் எதுவும் செய்யாவிட்டாலும், அவை மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்தில் அது காலாவதியாகும். அதற்கு 'லாப்ஸ்'. அரசு தன் உத்தரவைத் தானே நிறுத்திவைத்தால் 'கெப்ட் இன் அபேயன்ஸ்'. இதற்கெல்லாம் எதிர்முனையில் நிற்பது 'அப்ஹெல்ட்', அதாவது செல்லும் என்று உறுதிசெய்வது. ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2023 மே 18 அன்று 'அப்ஹெல்ட்' செய்தது.

கேள்வி: 'டிஸ்சார்ஜ்டு', 'அக்விட்டட்', 'கிளீன் சிட்' மூன்றும் ஒன்றா?
– சட்டக் கல்லூரி முதலாண்டு மாணவர், திருநெல்வேலி

பதில்: மூன்றும் வேறு வேறு. 'டிஸ்சார்ஜ்' குற்றச்சாட்டுப் பதிவுக்கு முன்பே நடப்பது. வழக்கை நடத்தப் போதிய முகாந்திரம் இல்லை என்று நீதிமன்றம் அனுப்பிவிடுகிறது. நம் செய்திகளில் 'வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரி மனு' என்று வருகிறதே, அதுதான். 'அக்விட்டல்' விசாரணை முழுவதும் முடிந்து, குற்றம் நிரூபிக்கப்படாததால் கிடைக்கும் விடுதலை. விடுவிக்கப்பட்டவர்மீது புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபடி நடவடிக்கை வரலாம். விடுதலையானவரை அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தராது. மேல்முறையீடு மட்டும் செய்யலாம்.

'கிளீன் சிட்' சட்டச் சொல்லே அல்ல, பத்திரிகைச் சொல். போலீஸ் வழக்கை முடித்து அறிக்கை தந்தாலும், விசாரணைக் கமிஷன் குறை சொல்லாவிட்டாலும், நீதிமன்றம் விடுதலை செய்தாலும் இதையே போடுகிறார்கள். தலைப்பில் இதைப் பார்த்தால் இரண்டாம் பத்திக்குப் போய், கொடுத்தது யார் என்று பாருங்கள்.

ஜாமீன் சொற்களிலும் இதே கவனம் வேண்டும். 'ஆன்டிசிபேட்டரி பெயில்' கைதுக்கு முன்பே பெறும் முன்ஜாமீன். 'டீஃபால்ட் பெயில்' என்பதில் குற்றவாளியா, நிரபராதியா என்ற பேச்சே இல்லை. போலீஸ் 60 நாளுக்குள்ளும், மரணம், ஆயுள் அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் சிறைத் தண்டனை தரக்கூடிய குற்றமானால் 90 நாளுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யத் தவறினால் உரிமையாகக் கிடைப்பது அது. குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவரை 'அக்யூஸ்டு' என்று எழுத மாட்டார்கள், 'டெட்டனியூ' என்பார்கள். ஆட்கொணர்வு மனுவில் அவரது தடுப்புக்காவல் உத்தரவு 'குவாஷ்' ஆனாலும், அவர்மீதுள்ள மற்ற வழக்குகள் அப்படியே நிற்கும். இதைப் பலர் விடுதலை என்று படித்துவிடுகிறார்கள்.

கேள்வி: 'ஹைகோர்ட் இஷ்யூஸ் நோட்டீஸ்' என்று வந்தால் அரசுக்குக் கண்டனம் என்று பொருளா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கும்பகோணம்

பதில்: இல்லை. பதில் கேட்கிறார்கள், அவ்வளவுதான். 'சீக்ஸ் ரெஸ்பான்ஸ்' என்பதும் அதுவே. நீதிமன்றம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

நீதிபதி பேசுவதற்கும் தீர்ப்பதற்கும் வெவ்வேறு வினைச்சொற்கள் உண்டு. 'அப்சர்வ்டு' என்றால் கருத்துச் சொன்னார். விசாரணையின்போது வாய்மொழியாகச் சொன்னதாக இருந்தால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. 'ஹெல்டு' என்றால் சட்டப் பிரச்சினையில் முடிவு சொன்னார். 'டைரக்டட்' என்றால் செய்யச் சொல்லி உத்தரவிட்டார். 'ரிசர்வ்டு ஆர்டர்ஸ்' என்றால் வாதம் முடிந்தது, தீர்ப்பு தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டது. இடஒதுக்கீட்டோடு இதற்குத் தொடர்பில்லை. வாய்மொழிக் கருத்தைத் தீர்ப்பு போலத் தலைப்பில் போடுவது தினமும் நடக்கிறது. ஆகவே முதலில் வினைச்சொல்லைத் தேடுங்கள்.

கேள்வி: ஒரே சொல் இரண்டு எதிரெதிர்ப் பொருளில் வருகிறதே?
– ஆசிரியை, ஈரோடு

பதில்: 'சாங்ஷன்' நல்ல உதாரணம். ஊழல் வழக்கில் 'சாங்ஷன் ஃபார் ப்ராசிக்யூஷன்' என்றால் வழக்குத் தொடர அனுமதி. பன்னாட்டுச் செய்தியில் பன்மையில் வந்தால் தடைகள். 'டேபிள்' என்ற வினை இந்தியாவிலும் பிரிட்டனிலும் மசோதாவை அவையில் வைப்பது. அமெரிக்கச் செய்தியில் கிடப்பில் போடுவது. 'ரிமாண்ட்' ஆளுக்கு வந்தால் காவலில் வைப்பது, வழக்குக்கு வந்தால் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்புவது. 'ஹெல்டு' என்பதும் அப்படித்தான். 'டூ ஹெல்டு' என்று தலைப்பு வந்தால் இருவர் கைது.

கேள்வி: தலைப்புகளில் இலக்கணமே இல்லாதது போலிருக்கிறது.
– கல்லூரி மாணவர், வேலூர்

பதில்: இலக்கணம் இருக்கிறது, அது தனி இலக்கணம். நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் எழுதுவார்கள். 'டு' போட்டு வினை வந்தால் இனிமேல் நடக்கப்போவது: 'எஸ்.சி. டு ஹியர் ப்ளீ' என்றால் மனுவை உச்ச நீதிமன்றம் விசாரிக்க உள்ளது. துணைவினை விழுந்துவிடும். 'மேன் கன்விக்டட்' என்பதில் அந்த மனிதர் எதையும் செய்யவில்லை, அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்திருக்கிறது. 'ஓவர்' என்றால் 'தொடர்பாக'. 'நாட்' என்றால் ஒப்புதல், 'மூவ்ஸ் கோர்ட்' என்றால் வழக்குத் தொடர்ந்தார், 'மல்ஸ்' என்றால் பரிசீலிக்கிறது. 'ராப்ஸ்', 'புல்ஸ் அப்' இரண்டும் கண்டிப்பது. 'சென்டர்' ஒன்றிய அரசு. 'ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ்' தமிழ்நாடு அரசு.

கேள்வி: லத்தீன் தொடர்கள் எத்தனை தெரிந்தால் போதும்?
– வாசகர், காரைக்குடி

பதில்: பத்துப் பன்னிரண்டு போதும். 'சுவோ மோட்டு' தாமாக முன்வந்து. 'ப்ரைமா ஃபேஸி' முதல் பார்வையில், நம் வழக்கில் முகாந்திரம். 'சப் ஜூடிஸ்' நீதிமன்ற விசாரணையில் உள்ளது. 'சைனி டையீ' மறு தேதி குறிப்பிடாமல். 'இன் கேமரா' என்பதில் சறுக்காதவர் குறைவு. கேமரா என்றால் லத்தீனில் அறை. ஆகவே அது மூடிய அறையில் விசாரணை. படக்கருவிக்கு அங்கே வேலை இல்லை. 'எக்ஸ் பார்ட்டி' எதிர்த் தரப்பு வராத நிலையில் தரும் தீர்ப்பு. சிவில் வழக்கில் உங்களுக்கே இப்படி ஒன்று வந்துவிட்டால், அதை நீக்கக் கோரி மனுப்போட 30 நாள்தான் கெடு. அதைத் தெரிந்துவைத்திருப்பது ஆங்கிலத்தைவிட முக்கியம்.

கேள்வி: அரசியல் செய்தியின் மரபுத்தொடர்கள்?
– வாசகி, புதுச்சேரி

பதில்: பாதி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. 'ரெட் டேப்' சிவப்பு நாடா, 'ஹார்ஸ் ட்ரேடிங்' குதிரை பேரம். 'ஃப்ளோர் டெஸ்ட்' என்பதில் ஃப்ளோர் என்பது அவை. பெரும்பான்மையை ஆளுநர் மாளிகையில் எண்ணக் கூடாது, அவையிலேயே நிரூபிக்க வேண்டும் என்று எஸ்.ஆர். பொம்மை வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'விப்' நம் கொறடா. அந்தப் பெயர் பதவிக்கும் உண்டு, அவர் பிறப்பிக்கும் கட்டளைக்கும் உண்டு. 'த்ரீ லைன் விப்' என்றால் மூன்று முறை அடிக்கோடிட்ட, மீறவே கூடாத கட்டளை. கட்சிக் கட்டளையை மீறி வாக்களித்தவரை 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் அரசமைப்பின் பத்தாம் அட்டவணைப்படி, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, பதவி போகலாம். 'கங்காரு கோர்ட்' கட்டப்பஞ்சாயத்துக்கு நெருங்கியது. சென்னை உயர் நீதிமன்ற ஆங்கிலத் தீர்ப்புகளில் 'கட்டப்பஞ்சாயத்து' என்ற நம் சொல்லையே எழுதுவதுண்டு.

கேள்வி: தினமும் எப்படிப் பயிற்சி செய்வது?
– குரூப்-1 தேர்வுக்குப் படிப்பவர், நாகர்கோவில்

பதில்: நாளுக்கு ஒரு வழக்கு, அரை மணி நேரம். ஒரே செய்தியை ஆங்கில நாளிதழிலும் தமிழ் நாளிதழிலும் எடுத்து, வினைச்சொற்களை மட்டும் எதிரெதிரே எழுதுங்கள். பத்திரிகைத் தகவல் அலுவலகம் இரு மொழியிலும் அறிக்கை தருகிறது. அதில் அரசுச் சொற்கள் கிடைக்கும். தமிழ் வளர்ச்சித் துறையின் ஆட்சிச் சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில தமிழில் அதன் இணையதளத்தில் உள்ளன. அவை எளிதாக இருக்காது, ஆனாலும் முதல் இரண்டு பக்கமும் கடைசிப் பக்கமும் படித்தால் போதும், உத்தரவு அங்கேதான் இருக்கும்.

குறிப்பேட்டில் சொல்லை மட்டும் எழுதாதீர்கள். அதனோடு ஒட்டி வரும் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். மனு 'ஃபைல்' ஆகும், 'டிஸ்மிஸ்' ஆகும். சாட்சி 'டர்ன் ஹாஸ்டைல்' ஆவார். தண்டனை 'கம்யூட்' ஆகிக் குறையும். தனியாகப் படித்த சொல் தேர்வுத் தாளில் தவறான இடத்தில் போய் உட்காரும்.

கேள்வி: சில சொற்களை எப்படி உச்சரிப்பது?
– அதே வாசகர்

பதில்: எழுத்தைப் பார்த்து ஏமாறக் கூடியவை மூன்று. அமெரிக்கச் செய்தியில் வரும், குற்றம் சாட்டுவதைக் குறிக்கும் சொல் 'இண்டைட்'. நடுவில் உள்ள 'சி' ஒலிக்காது. சாட்சிக்கு அழைப்பாணை 'சபீனா'. அதில் 'b' ஒலிக்காது, 'p' ஒலிக்கும். கடனுக்காகச் சொத்தின்மீதுள்ள பிடிப்புரிமை 'லீன்'.