சென்சார் வாங்கும் முன் கனெக்டரைப் பாருங்கள்: கார் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, பத்து வருடப் பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். தினமும் ராமேஸ்வரத்தில் உள்ள கடைக்குப் போய் வருவதுதான் ஓட்டம். கொஞ்ச நாளாக செக் எஞ்சின் லைட் எரிகிறது, மைலேஜும் இறங்கிவிட்டது. ஸ்கேனரில் பி0135 என்று வந்தது. ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்று என்கிறார்கள். வீட்டிலேயே நானே மாற்றலாமா?
வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தாராளமாக மாற்றலாம் தம்பி. ஆனால் கடைக்குப் போய் சென்சார் வாங்குவதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேளுங்கள். பி0135 என்றால் புகைக்குழாயில் எஞ்சின் பக்கம் இருக்கும் முன் சென்சாரின் ஹீட்டர் பாதையில் கோளாறு என்று அர்த்தம். அந்தப் பாதையில் ஃபியூஸ் இருக்கிறது, வயர் இருக்கிறது, கனெக்டர் இருக்கிறது, கடைசியில்தான் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் வருகிறது. நம் கரையில் நான் முதலில் சந்தேகப்படுவது கனெக்டரை.

பாம்பன், மண்டபம், தனுஷ்கோடிப் பக்கம் உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், துருவை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. வாடை அடிக்கிற மாதங்களில் வாசலில் நிறுத்திய வண்டியின் பானட்டில் விரலை வைத்துத் தேய்த்தால் பிசுபிசுவென்று ஒட்டும். அதே உப்புதான் கனெக்டருக்குள்ளும் இறங்குகிறது.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். சென்சாரிலிருந்து வரும் வயரைப் பிடித்துக்கொண்டே போனால் கனெக்டர் கிடைக்கும். பூட்டை அழுத்தி இழுத்துப் பிரித்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உள்ளே உள்ள உலோகப் பின்கள் பளபளவென்று இருக்க வேண்டும். அடியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலோ, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தாலோ குற்றவாளி பெரும்பாலும் அதுதான். உலர்ந்த சின்ன பிரஷ்ஷால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். கான்டாக்ட் கிளீனர் அடிப்பதானால் வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் மட்டும் அடியுங்கள். சென்சார் பக்கத்தில் கிளீனரோ கிரீஸோ எண்ணெயோ வேண்டாம்.

காரணம் இருக்கிறது. சென்சாரின் நுனியில் உள்ள சிர்கோனியா என்ற பீங்கானுக்கு வெளிப்பக்கம் புகை, உள்பக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசத்தை வைத்துத்தான் அது மின்னழுத்தம் கொடுக்கிறது. பெட்ரோல் அதிகமானால் சுமார் 0.9 வோல்ட், குறைந்தால் சுமார் 0.1 வோல்ட். பல சென்சார்களுக்கு அந்த வெளிக்காற்று வயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் போகிறது. நல்லது என்று நினைத்து கிரீஸ் அப்பினால் மூச்சடைத்துவிடும். வயரை வெட்டி ஈயம் வைத்து ஒட்டக் கூடாது என்பதும் இதனால்தான்.

இந்தப் பீங்கான் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். அதைச் சீக்கிரம் சூடாக்கத்தான் ஹீட்டர். உங்களுடையது பக்கத்து ஊர் ஓட்டம். சென்சார் சூடாகும் வரை எஞ்சின் கம்ப்யூட்டர் அதன் பேச்சைக் கேட்காமல் ஒரு கணக்கில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். மைலேஜ் இறங்கியதற்கு அது போதும்.

களிம்பு இல்லையா? ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து மல்டிமீட்டர். சென்சாரில் நான்கு வயர் இருந்தால் ஒரே நிறத்தில் உள்ள இரண்டும் ஹீட்டருக்கு. பாஷ் கம்பெனி சென்சார் என்றால் வெள்ளை, டென்ஸோ கம்பெனி என்றால் கறுப்பு. அந்த இரண்டு பின்னுக்கும் இடையே ஓம் பாருங்கள். ஆறிய சென்சாரில் சில ஓமிலிருந்து பதினைந்து ஓம் பக்கம் காட்டும். மீட்டர் அசையவே இல்லையென்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது, அப்போது வாங்குங்கள். உங்கள் மாடலுக்கே உரிய கனெக்டரோடு வருவதை வாங்குங்கள். வயரை ஒட்டிப் போடுகிற 'யுனிவர்சல்' சென்சார் விலை குறைவுதான், ஆனால் நம் உப்புக்காற்றில் அந்த ஒட்டு நிற்காது.

கழற்றுவதுதான் கஷ்டம். 22 எம்எம் ஸ்பேனர் வேண்டும். வயர் நுழையப் பக்கவாட்டில் வெட்டு விட்ட சென்சார் சாக்கெட் கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் நாள் இரவே, எஞ்சின் ஆறியிருக்கும்போது, மரையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். சென்சார் மாட்டியிருக்கும் மேனிஃபோல்டு, அதாவது எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய், சூடாக இருக்கும்போது அதில் எண்ணெய் அடிக்கவே கூடாது, தீப்பிடிக்கும். காலையில் எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டி, கை வைத்தால் சுடாமல் வெதுவெதுப்பாக இருக்கும் பதத்தில் திருப்புங்கள். கால் சுற்று இளகினால் மறுபடி கொஞ்சம் முறுக்கி, மறுபடி இளக்கி, முன்னும் பின்னுமாக வாருங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் மேனிஃபோல்டின் மரை சேர்ந்து வந்துவிடும். எவ்வளவு முயன்றும் அசையவில்லையென்றால் நிறுத்திவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பல வண்டிகளில் முன் சென்சார் பானட்டைத் திறந்தாலே கைக்கு எட்டும். அடியில் போக வேண்டியிருந்தால், நம் வீட்டு முற்றங்கள் மணல், ஜாக்கி புதைந்து சாயும். சிமென்ட் தரைக்குப் போங்கள், ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் உள்ளே படுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கடியில் போகாதீர்கள், இதை மன்றாடியே கேட்கிறேன்.

புதிய சென்சாரின் நுனியைத் தொடாதீர்கள். கீழே விழுந்ததை மாட்டாதீர்கள், உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம். மரை இறுகிப் பிடிக்காமல் இருக்கும் பசை ஏற்கெனவே தடவித்தான் பெரும்பாலும் வரும். சிலிக்கான் பேஸ்ட் பக்கமே போகாதீர்கள், அது சென்சாருக்கு விஷம். முதலில் கையால் மரை ஏற்றி, அப்புறம் ஸ்பேனர். முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச் இருந்தால் சுமார் 40 நியூட்டன் மீட்டர். வயர் சைலன்சரில் படாமல் பழைய கிளிப்பிலேயே மாட்டி, ஸ்கேனரில் எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: பழைய சென்சாரை பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவினால் சரியாகும் என்கிறார்களே?
வாசகர், ஏர்வாடி

பதில்: ஆகாது. வெறும் கரி என்றால் ஓட்டத்தின் சூட்டிலேயே எரிந்துவிடும். எண்ணெய்ச் சாம்பலும் சிலிக்கானும் படிந்தது கழுவினால் போகாது. அறுந்த ஹீட்டருக்குப் பெட்ரோல் என்ன செய்யும்?

கேள்வி: எனக்கு பி0420 வருகிறது. பின் சென்சாரை மாற்றினால் போதுமா?
வாசகி, தேவிபட்டினம்

பதில்: அவசரப்படாதீர்கள் சகோதரி. அது புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் எண். பல நேரம் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பின் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. கடற்கரை வண்டிகளில் இன்னொன்றும் உண்டு: புகைக்குழாயின் இணைப்பு துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரை ஏமாற்றும். ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அடியிலிருந்து 'டிக் டிக்' என்று புகை கசிகிற சத்தம் வருகிறதா, இணைப்பில் கரிக்கோடு தெரிகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் முதலில் அதை அடைத்து, எண்ணை அழித்து, சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். அரிச்சல்முனை வரை போய் வந்தால் அன்றே வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவ வேண்டாம்.