கல் நடும் முன் மழை போகும் வழியைப் பாருங்கள்

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து நான்கு ஏக்கர் விளை (தோட்ட நிலம்) இருக்கிறது. தென்னையும் பலாவும் நிற்கின்றன. மேற்கே மேடு, கிழக்கே சரிந்து ஏலாவில் (வயல்வெளியில்) முடிகிறது. கீழ் எல்லையை ஒட்டிப் பாசனச் சானல் ஓடுகிறது. மனைகளாகப் பிரிக்கப் போகிறோம். மரங்களைக் கூடியவரை விட்டு, மழைத் தண்ணீரை உள்ளேயே தேக்கி, தோட்டம் சூழ்ந்த குடியிருப்பாக அமைக்க எனக்கு ஆசை. தரகரோ, மண் நிரப்பிச் சமமாக்கித் தண்ணீரைக் கான்கிரீட் ஓடை வழியாகச் சானலுக்கு விட்டுவிடலாம் என்கிறார். தோட்டம் விட்டால் மனை குறையும், தண்ணீர் நின்றால் கொசு வரும், சுவரில் ஈரம் ஏறும் என்றும் பயமுறுத்துகிறார். அவர் சொல்வது சரியா? (ஓய்வு பெற்ற ஆசிரியை)

பதில்: அம்மா, கொசுவும் ஈரமும் பற்றி அவர் சொன்னது தப்பான இடத்தில் தண்ணீரை நிறுத்தினால் உண்மை. மனை குறையும் என்பது முக்கால் பங்கு பொய். பணத்தை முதலில் பேசிவிடுகிறேன்.

உங்கள் நிலத்தில் சாலைக்குச் சுமார் 80 சென்ட் போகும் என்று வையுங்கள். மிச்சம் 320 சென்ட். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதி நிலத்தின் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 2019 விதி. அதாவது 32 சென்ட் எப்படியும் உங்கள் கையை விட்டுப் போகும். தோட்டம் விடுவதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. எந்த மூலையில் விடுவது என்பதுதான் கேள்வி.

இது தரகருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அடுத்த வாரம் அவர் உங்களிடம் இதைச் சொல்வார், பாருங்கள்: 'முதலில் பாகப்பிரிவினை செய்துவிடுங்கள், ஆளுக்கு ஒரு ஏக்கர், நான்கு தனித்தனி மனைப்பிரிவு.' ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். 3,000 முதல் 10,000 வரை உள்ள நிலத்துக்கு இடம் விடுவதற்குப் பதிலாகப் பணம் கட்டிவிடலாம். விதியில் ஓட்டை அங்கேதான். அண்ணன் தம்பி பாசத்தின் பெயரில் நிலம் நான்காகிவிடும். ஒருவர் ஓடை இன்னொருவர் ஓடையோடு சேராது. மேல் பங்குக்காரரின் மழை கீழ் பங்குக்காரரின் வாசலில் நிற்கும். இப்படி நான்காக உடைந்த குடும்பச் சொத்து மூன்றைப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் கீழ் பங்கு தங்கைக்கே வந்திருந்தது. படத்தில் அங்குலம் பிசகாமல் கோடு கேட்கும் அலுவலகங்கள், பக்கத்து மேசையில் அதே குடும்பத்தின் அடுத்த கோப்பு இருப்பதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இனி தண்ணீர். நான்கு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் எட்டு லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி அறுபத்தேழு. இன்று தென்னை மூட்டைச் சுற்றி வெட்டிய தடங்களும் செம்மண்ணும் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடுகின்றன. கூரையும் தார்ச்சாலையும் வந்த பிறகு அது மொத்தமாக ஒரே மணி நேரத்தில் கீழே இறங்கும். சானல் அதற்காக வெட்டியது இல்லை. அணைத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோக வெட்டியது. நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. 2021 நவம்பர் வெள்ளத்தில் பட்டதை அதற்குள் மறந்துவிட்டு, எல்லா ஓடையையும் சானலில் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் இன்னமும் படம் வரைகிறார்கள்.

ஆகவே தண்ணீரை மேட்டிலேயே பிடியுங்கள். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், ஒன்றரை அடி ஆழத்தில் அகலமான புல் வாய்க்கால்கள். அவற்றின் கீழ்க்கரையில் பலாவும் நீர்மருதும் நிற்கட்டும். சாலை மனையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். உயர்த்திப் போட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் மேலே மேலே தார் ஊற்றினால் வீடு பள்ளமாகிவிடும். நிரம்பி வழியும் தண்ணீர் கடைசியில் ஏலாப் பக்கத்துத் தாழ்ந்த தோட்டத்துக்கு வந்து சேர வேண்டும். அங்கே கல்வாழை, சேம்பு, வெட்டிவேர் வையுங்கள். இரண்டு நாள் தண்ணீரில் நின்றாலும் தாங்கும். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரமாவது வேண்டும். இரண்டு நாளில் வடிகிற தோட்டத்தில் அதற்கு நேரம் போதாது.

இந்தத் தாழ்ந்த தோட்டத்துக்கு அந்த 32 சென்ட்டைக் கொடுக்கலாமா என்றால், ஊராட்சியிடம் முன்கூட்டியே பேசிவிட்டுக் கொடுங்கள். தானப் பத்திரம் பதிவான பிறகு அவர்களைக் கேட்காமல் அங்கே மண்வெட்டி வைக்க முடியாது.

இப்போது ஒரு விதிவிலக்கு. இதை எல்லோரும் தப்பாகச் செய்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்க வெட்டும் மழைநீர்க் குழி எல்லா இடத்துக்கும் ஆகாது. ஐப்பசியில் உங்கள் கீழ்ப்பக்கத்துக் கிணற்றை எட்டிப் பாருங்கள். தண்ணீர் தரையிலிருந்து மூன்று நான்கு அடியில் நின்றால், அந்தப் பக்கத்தில் குழி வெட்டாதீர்கள். வெட்டினால் தண்ணீர் உள்ளே போகாது, உள்ளே இருக்கும் தண்ணீர் மேலே வரும். தரகர் சொன்ன சுவர் ஈரம் அங்கிருந்துதான் வருகிறது. ஏலாவை ஒட்டிய கடைசி வரிசைக்குக் குழி வேண்டாம், தாழ்ந்த தோட்டம் மட்டும் போதும். மேட்டிலும் ஒரு பரிசோதனை செய்யுங்கள்: இரண்டடிக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி, அது இறங்கிய பிறகு மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். ஒரு அங்குலம்கூட இறங்காவிட்டால் அடியில் இறுகிய மண்ணோ வெட்டுக்கல்லோ இருக்கிறது. தண்ணீர் பக்கவாட்டில் ஓடிக் கீழ் மனையின் தாங்குசுவரைத் தள்ளும். அங்கேயும் குழி வேண்டாம், வாய்க்கால் போதும். மனைக்கு ஒரு குழி என்று மொத்தமாக விலை பேச வருகிறவரை இந்த அளவுகோலைக் காட்டி அனுப்பிவிடுங்கள்.

அந்தக் குழி வியாபாரத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதுக் குடியிருப்பு ஒன்றில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உறை இருந்தது, ஜல்லி இருந்தது. ஜல்லியைக் கம்பியால் விலக்கினால் அடியில் வழவழவென்று சிமெண்ட் தளம்! சுத்தமாக இருக்கட்டுமே என்று கொத்தனார் பூசிவிட்டாராம். 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. ஆய்வுக்கு வந்தவர் மேலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

கழிவுநீர்த் தொட்டியின் உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பது அடி குறையவே கூடாது, அறுபது நல்லது. ஐந்து சென்ட் மனையில் ஆளாளுக்குக் கிணறு வெட்டினால் அது கிடைக்காது. மேட்டில் பொதுக் கிணறு ஒன்றை முதலிலேயே படத்தில் போட்டுவிடுங்கள்.

பத்திர விஷயம் சுருக்கமாக. தரகருக்கோ அவர் கூட்டிவரும் புரமோட்டருக்கோ பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யும் முன் விளம்பரமோ முன்பணமோ கூடாது. 'சும்மா டோக்கன்தானே' என்பார். பின்னால் பதில் சொல்ல வேண்டியவர்களில் முதல் ஆள் நீங்கள்.

சர்வேயரை இப்போது கூப்பிட வேண்டாம். அடுத்த பெருமழை அன்று குடையும், கூராகச் சீவிய ஐம்பது கமுகுக் குச்சிகளும் எடுத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளோடு விளைக்குப் போங்கள். தண்ணீர் எங்கே திரண்டு ஓடுகிறதோ, எங்கே தேங்குகிறதோ அங்கெல்லாம் குச்சி நடுங்கள். மறுநாள் காலை போய் எந்தக் குச்சியின் அடியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குச்சிகளைப் பிடுங்கிவிடாமல் சர்வேயரை அழைத்து, மட்டம் எடுத்துச் சமமட்டக் கோடுகளோடு படம் போடச் சொல்லுங்கள். மனைக்கல் அதற்குப் பிறகு.