கத்தோலிக்கத் திருப்பலி வாசகங்கள் குடும்ப வாழ்க்கையைப் பற்றி என்ன கற்பிக்கின்றன?

கணவருக்குப் பணிந்திரு, பெற்றோருக்குக் கீழ்ப்படி என்பதற்கு மேல் திருப்பலி வாசகங்களில் குடும்பத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்றும் கேள்வி கேட்டவர் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

இருக்கிறது. ஞாயிறு பூசையில் காதில் விழுவதைவிட வாரநாள் பூசையில் இன்னும் அதிகமாக இருக்கிறது. நான் இறையியல் படித்தவள் அல்ல. எங்கள் பங்குக் கோவில் பூசையில் வாசகம் வாசிக்கிறவள், அவ்வளவுதான். வாசிக்கப்போகும் பகுதியை முந்தின நாள் வீட்டில் பைபிளை எடுத்துப் படித்துப் பார்ப்பேன். அப்போது அதற்கு முன்னும் பின்னும் உள்ள வசனங்களும் கண்ணில் படும். அப்படிப் படித்ததில் தோன்றியதைத்தான் எழுதுகிறேன்.

இயேசு, மாதா, சூசையப்பர் ஆகியோரின் குடும்பத்தைக் கொண்டாடும் திருக்குடும்ப விழாவிலிருந்து தொடங்கலாம். கிறிஸ்துமஸுக்கு அடுத்து வரும் ஞாயிறு அது. கிறிஸ்துமஸே ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டால் டிசம்பர் 30. 2022-இல் அப்படி வெள்ளிக்கிழமையில் கொண்டாடினோம். ஏதோ ஆதிகாலத்து விழா என்று பலர் நினைக்கிறார்கள். திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் அதை உலகத் திருச்சபை முழுவதற்கும் உரிய விழாவாக்கியது 1921-இல்தான்.

அன்றைய முதல் வாசகம் சீராக்கின் ஞானம் 3-ஆம் அதிகாரம். தந்தையை மதி, தாயை மேன்மைப்படுத்து என்று தொடங்கும்போது சின்னப் பிள்ளைகளுக்கான அறிவுரை போலத்தான் இருக்கும். மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 12, 13-ஆம் வசனங்களில் நிலைமையே வேறு. அங்கே அப்பா கிழவர். அவருடைய அறிவு மங்கிக்கொண்டிருக்கிறது. மகனுக்கோ உடம்பில் நல்ல பலம். அவர் அறிவு குறைந்துபோனாலும் பொறுமையாக இரு, உனக்குத் தெம்பு இருக்கிறது என்பதற்காக அவரை இகழாதே என்று வாசகம் அந்த மகனிடம் சொல்கிறது.

மறதி வந்த மாமனாரை வைத்துப் பார்த்துக்கொண்ட வீடு எங்களுடையது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, எனக்கு இன்னும் சோறு போடவில்லை என்று வாசலில் போகிறவர்களிடம் சொல்வார். அந்த மாதிரி நேரத்தில் யாரும் அவரை அடித்துவிடப் போவதில்லை. விருந்தாளி முன்னால் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்போம் பாருங்கள், ஆபத்து அங்கேதான். அந்தச் சிரிப்பைத்தான் சீராக் தடுக்கிறார். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் எழுதிய மனிதருக்கு இது எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். இன்னொன்று: அவர் எபிரேயத்தில் எழுதியதை எகிப்தில் இருந்துகொண்டு கிரேக்கத்தில் மொழிபெயர்த்துக் காப்பாற்றியவர் அவருடைய பேரன். நூலின் முன்னுரையிலேயே பேரன் அதைச் சொல்கிறார். முன்னோரை மதிக்கச் சொல்லும் புத்தகம் நம் கைக்கு வந்து சேர்ந்த வழி அது.

இரண்டாம் வாசகம் கொலோசையர் 3:12-21. வம்பு இங்கேதான். "திருமணமான பெண்களே" என்று நான் மைக்கில் தொடங்கினால் ஆண்கள் பக்கம் சில முகங்களில் ஒரு சிரிப்பு ஓடும். மனைவியிடம் அன்பாக இருங்கள், கொடுமைப்படுத்தாதீர்கள் என்று அடுத்த வரி அவர்களுக்கு வரும்போது அதே ஆட்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பகுதியில் மனைவிக்கு ஒரு வரி, கணவனுக்கு ஒரு வரி, பிள்ளைக்கு ஒரு வரி, பெற்றோருக்கு ஒரு வரி என்று தனித்தனியாக இருக்கிறது. நம் வீடுகளில் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருப்பது அடுத்தவருக்குச் சொன்ன வரியை. கேள்வி கேட்டவருக்குப் பணிதலும் கீழ்ப்படிதலும் மட்டும் நினைவில் நிற்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த இரண்டு வரிகளையும் உரக்கச் சொல்ல வீட்டில் எப்போதும் ஆள் உண்டு.

எழுதப்பட்ட காலத்தை வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. உரோமைச் சட்டப்படி குடும்பத் தலைவனுக்குப் பிள்ளைகள் மேல் இருந்த அதிகாரம் அவன் சாகும்வரை நீடிக்கும். பிள்ளை வளர்ந்து பெரியவனானாலும் விடுதலை இல்லை. மனைவியும் பிள்ளைகளும் பணிய வேண்டும் என்பது அந்த ஊரில் யாருக்கும் புதுச் செய்தி கிடையாது. அந்தத் தலைவனைப் பார்த்து, உனக்கும் கடமை உண்டு, மனைவியிடம் கடுமை காட்டாதே, பிள்ளைக்கு எரிச்சலூட்டி மனம் தளரவிடாதே என்று சபை நடுவில் வாசித்ததுதான் புதிது. 21-ஆம் வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் பிளஸ் டூ மார்க் வருகிற நாளில் நம் வீடுகளில் நடக்கும் பேச்சுதான் எனக்கு ஞாபகம் வரும்.

அதற்காக, கணவருக்குப் பணிந்திருங்கள் என்ற 18-ஆம் வசனத்தைப் பூசி மெழுக முடியாது. அடி வாங்குகிற ஒரு பெண் அதைக் கேட்டுவிட்டு, பொறுத்துப்போவதுதான் கடவுளின் விருப்பம் என்று வீட்டுக்குத் திரும்பினால் அது பெரிய அநியாயம். அமெரிக்காவில் 17-ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளவும் அனுமதி இருக்கிறது. நிறுத்துவதைவிட, வாசித்துவிட்டு மறையுரையில் விளக்குவதுதான் நல்லது என்பது என் கருத்து. எபேசியர் 5-இல் இதே பேச்சு வரும்போது, ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்ற 21-ஆம் வசனம்தான் முன்னால் நிற்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பெண்களின் மாண்பு பற்றி 1988-இல் எழுதிய மடலில், இந்தப் பணிவு ஒருதலையானது அல்ல, இருவருக்கும் உரியது என்று தெளிவாகவே சொல்லிவிட்டார். நான் கேட்ட மறையுரைகளில் இது வந்தது குறைவு. அப்புறம், கொலோசையரில் அடுத்த வசனம் அடிமைகளுக்கானது. அதற்கு முன்னாலேயே வாசகம் முடிந்துவிடுகிறது. அதை நிறுத்தியதில் யாருக்கும் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

பதிலுரைப் பாடல் திருப்பாடல் 128. மனைவி கனிதரும் திராட்சைக்கொடி, பிள்ளைகள் மேசையைச் சுற்றி ஒலிவக் கன்றுகள். கல்யாணப் பூசையிலும் இதைப் பாடுவதுண்டு. குழந்தை இல்லாத தம்பதியர் அதை எப்படிக் கேட்பார்கள் என்ற உறுத்தல் எனக்கு உண்டு. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றாக வரும். அதில் மூன்றாம் ஆண்டுக்குக் கொடுத்திருக்கும் மாற்று வாசகத்தில் (1 சாமுவேல் 1-ஆம் அதிகாரம்) அன்னாவும் குழந்தை சாமுவேலும் வருகிறார்கள். ஆனால் அது குழந்தை பிறந்த பிறகு, 20-ஆம் வசனத்தில்தான் தொடங்குகிறது. மலடி என்று குத்திக்காட்டப்பட்டு அன்னா சாப்பிடாமல் அழுததும், பத்துப் பிள்ளைகளைவிட நான் உனக்கு மேல் இல்லையா என்று கணவர் எல்கானா கேட்டதும் அதற்கு முன்னால் இருக்கின்றன. அந்தப் பகுதி இரட்டைப்படை ஆண்டுகளில் பொதுக்காலம் (பெருவிழாக் காலங்களில் சேராத வாரங்கள்) முதல் வாரத் திங்கள்கிழமை வருகிறது. திங்கட்கிழமை காலைப் பூசைக்கு எத்தனை பேர் வருகிறோம்?

நற்செய்தியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆண்டில் ஏரோது அரசனுக்குப் பயந்து இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடும் குடும்பம். இரண்டாம் ஆண்டில் குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக்குவது. உன் உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவும் என்று சிமியோன் என்ற இறைப்பற்றுள்ளவர் அந்தத் தாயிடம் சொல்கிறார். மூன்றாம் ஆண்டில் 12 வயதுப் பிள்ளையைக் காணாமல் மூன்று நாள் தேடல். கண்டுபிடித்த பிறகு ஏன் இப்படிச் செய்தாய் என்று அம்மா கேட்கிறார். ஏன் தேடினீர்கள் என்று பிள்ளை திருப்பிக் கேட்கிறான். அவன் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். மாதாவுக்கும் சூசையப்பருக்குமே புரியாத பிள்ளை! அவனும் அவர்களோடு நாசரேத்துக்குப் போய்ப் பணிந்து நடந்தான். ஆக, திருக்குடும்பம் என்று கும்பிடுகிற குடும்பத்திலும் பயமும் பிரச்சினையும் இல்லாத ஓர் ஆண்டு வாசகம் கிடையாது.

குடும்பத்தைப் பற்றி ஒரே ஒரு வாசகம் சொல் என்று என்னைக் கேட்டால் இவற்றை எல்லாம் விட்டுவிட்டு பழைய ஏற்பாட்டு நூலான தோபித்து 2:9-14 என்பேன். தோபித்து தானதருமம் செய்கிறவர், கேட்பாரற்றுக் கிடக்கும் பிணங்களை உயிரைப் பணயம் வைத்து அடக்கம் செய்கிறவர். குருவி எச்சம் விழுந்து பார்வை போகிறது. வருமானம் நின்றுபோக, மனைவி அன்னா நெசவு வேலை செய்து குடும்பத்தை ஓட்டுகிறார். ஒருநாள் முதலாளிகள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் கொடுத்து அனுப்புகிறார்கள். வீட்டில் ஆடு கத்துவது கேட்டதும் தோபித்து, இது எங்கிருந்து வந்தது, திருட்டு ஆடா, உரியவர்களிடம் திருப்பிக் கொடு என்கிறார். கூலிக்கு மேல் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள் என்று அன்னா சொல்கிறார். அவர் நம்பவில்லை. அன்னாவுக்குப் பொறுக்கவில்லை: உம்முடைய தருமம் எல்லாம் எங்கே, நற்செயல்கள் எங்கே, நீர் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது!

வாசகம் அந்த இடத்தில் முடிகிறது. வாசிப்பவர் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்ல, எல்லாரும் "இறைவா உமக்கு நன்றி" என்கிறோம். ஒரு சண்டைக்கு! வேலை போன கணவன், சம்பாதிக்கிற மனைவி, அவள் கொண்டுவரும் காசின் மேல் அவனுக்கு வரும் சந்தேகம். இது நடக்காத தெரு உண்டா? ஊருக்கெல்லாம் நல்லவரான ஒருவர் சொந்த மனைவியிடம் அநியாயமாக நடக்க முடியும் என்பதை வேதம் மறைக்கவில்லை. அன்னா எதிர்த்துப் பேசியதைக் கண்டிக்கவும் இல்லை. பின்னால் 11-ஆம் அதிகாரத்தில், வெளியூர் போன மகன் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அன்னா, அவன் வருவதைத் தோபித்திடம்தான் முதலில் சொல்கிறார். ஆட்டுக்குட்டி விஷயத்தில் அவர் மன்னிப்புக் கேட்டாரா என்று மட்டும் நூலில் இல்லை.

இந்த வாசகம் ஒற்றைப்படை ஆண்டுகளில் பொதுக்காலம் 9-ஆம் வாரச் செவ்வாய்க்கு உரியது. சில ஆண்டுகளில் அந்த வாரமே விடுபட்டுவிடும், 2025-இல் விடுபட்டதுபோல. அதனால் பூசையில் வரட்டும் என்று காத்திருக்காமல் வீட்டிலேயே படியுங்கள். 2, 5, 11 ஆகிய மூன்று அதிகாரங்கள் போதும், அரைமணி நேரம்கூட ஆகாது. சீர்திருத்தச் சபைகளின் வழக்கமான பைபிளில் தோபித்தும் சீராக்கும் இருக்காது. பொது மொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பில் பாருங்கள்.