காஷ்கரில் நான்கு நாள்: எந்தப் பத்து மணி?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் நானும் மனைவியும் நான்கு நாள், சீனாவின் மேற்கே ஷின்ஜியாங் பகுதியில் உள்ள காஷ்கர் போகிறோம். அங்கே வாழும் உய்குர் முஸ்லிம் மக்களின் சந்தை, சாப்பாடு, அன்றாட வாழ்க்கை எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்க்க ஆசை. மனைவி சைவம். எப்படித் திட்டமிடலாம்? அங்குள்ள நிலைமை பற்றி மக்களிடம் பேச்சுக் கொடுக்கலாமா?

பதில்: நான்கில் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். கால்நடைச் சந்தை கூடுவது அன்றுதான். டிக்கெட் போடும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடிகாரம். சட்டப்படி சீனா முழுவதற்கும் பெய்ஜிங் நேரம்தான். ஆனால் உய்குர் மக்களில் பலர் அதற்கு இரண்டு மணி நேரம் பிந்திய உள்ளூர் நேரத்தில்தான் வாழ்கிறார்கள். ரயிலும் விமானமும் பெய்ஜிங் கணக்கு. டிரைவர் ‘பத்து மணிக்கு வருகிறேன்’ என்றால் எந்தப் பத்து என்று கேட்டுவிடுங்கள். நீங்கள் போகும் சமயத்தில் சூரியன் உதிக்கவே பெய்ஜிங் கணக்கில் எட்டே முக்கால் ஆகிவிடும். ஆறு மணிக்கே கேமராவோடு கிளம்பினால் இருட்டில் பூட்டிய கடைகளைத்தான் படம் எடுப்பீர்கள்.

கால்நடைச் சந்தை நகருக்கு வெளியே இருக்கிறது, டாக்சியில் போங்கள். பின்பக்கம் கொழுப்பு திரண்டு தொங்கும் செம்மறிகள்தான் அங்கே அதிகம். வாங்க வந்தவர் பின்னால் நின்று அந்த வாலைக் கையால் அமுக்கி, தூக்கிப் பார்ப்பார். விலை பேசும்போது நடுவில் ஒரு தரகர் நிற்பார். இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்து விடாமல் குலுக்குவார். ஒருவர் உதறிக்கொண்டு போவார், தரகர் அவரை மறுபடி இழுத்து வருவார். முதுகுக்குப் பின்னால் ‘போஷ், போஷ்!’ என்று சத்தம் கேட்டால் உடனே ஒதுங்குங்கள். ‘வழி விடு’ என்று அர்த்தம். மாடோ வண்டியோ வருகிறது.

பழைய நகரத்தில் ஒன்றைத் தெரிந்துகொண்டு நடங்கள். 2009-இல் தொடங்கி அதன் பெரும்பகுதியை இடித்துத் திரும்பக் கட்டிவிட்டார்கள். முகப்புத் தெருக்களில் கொஞ்சம் சினிமா செட் வாடை அடிக்கத்தான் செய்யும். ரொட்டிக்கடை எதிரே பத்து நிமிடம் நின்றால் அந்தக் குறை தீரும். மாவை வட்டமாகத் தட்டி, இறகுக் காம்புகளைக் கட்டிய அச்சால் நடுவில் குத்துவார்கள். நடுப்பகுதி உப்பாமல் இருக்க அந்தக் குத்து. பிறகு எள், வெங்காயம் தூவி, தோனூர் என்ற மண் அடுப்பின் உள்சுவரில் ஒட்டிவிடுவார்கள். ‘நான்’ எனப்படும் இந்த ரொட்டியைத் தலைகீழாக வைப்பது அங்கே மரியாதைக் குறைவு.

சைவத்துக்குக் கொஞ்சம் சிரமம்தான். போலோ சாதத்தில் ஆட்டிறைச்சியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள்; அந்தச் சாறும் கொழுப்பும் அரிசியிலேயே ஊறியிருக்கும். அடுப்பில் சுடும் சம்சா என்ற மாவுப் பண்டத்துக்குள்ளும் ஆட்டுக்கறிதான். லக்மன் பரவாயில்லை. கையால் இழுத்த நூடுல்ஸ், மாவும் உப்பும் தண்ணீரும்தான். மேலே ஊற்றும் காய்க்கலவையைக் கறி இல்லாமல் எண்ணெயில் வதக்கித் தரச் சொல்லுங்கள். ‘கோஷ் யேமெய்மென்’ என்றால் ‘இறைச்சி சாப்பிடமாட்டேன்’. நான் ரொட்டியும் தேநீரும், ஐஸ் போட்ட தோகாப் என்ற தயிர்ப் பானமும், முலாம்பழம், திராட்சை, மாதுளையும் இருக்க, உங்கள் மனைவி பட்டினி கிடக்க மாட்டார். அத்திப்பழம் கிடைத்தால் விடாதீர்கள். இலையில் வைத்து மூடி, உள்ளங்கையால் தட்டிவிட்டுச் சாப்பிடுவது அவர்கள் பழக்கம்.

யார் வீட்டிலாவது சாப்பிட அழைத்தால், கை கழுவ ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். ஈரக் கையை உதறாதீர்கள்; துண்டு தரும்வரை பொறுங்கள்.

காசு விஷயத்தில் அலிபே என்ற சீனப் பணப் பரிமாற்றச் செயலியில் உங்கள் கார்டை இங்கேயே இணைத்துக்கொள்ளுங்கள், சந்தைக்குக் கொஞ்சம் யுவான் நோட்டும் வேண்டும். பாஸ்போர்ட் எப்போதும் பையில் இருக்கட்டும். பக்கத்து ஊரான யெங்கிசாரில் செய்யும் கத்தி அழகுதான், ஆனால் விமானத்தில் கைப்பையில் வராது, ரயிலிலும் சிக்கல்.

கடைசிக் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். உய்குர் மக்களைப் பெருமளவில் தடுத்து வைத்தது மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாக இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. சீனா அதை ஏற்கவில்லை. நீங்கள் கேட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவீர்கள், பதில் சொன்னவர் அங்கேயே இருக்க வேண்டும். யாராவது வீட்டுக்கு அழைக்கத் தயங்கினாலும் வற்புறுத்தாதீர்கள். போலீஸையும் சோதனைச் சாவடியையும் படம் எடுக்க வேண்டாம். அவர்களாகவே ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். ஆனால் அவர்கள் முகத்தையும் பெயரையும் கடை அடையாளத்தையும் எங்கேயும் போட்டுவிடாதீர்கள்.