2 அடி ரீஃப் டேங்குக்கு எத்தனை வாட் லைட் போடலாம்?

2 அடி நீளம், ஒன்றரை அடி உயரத்தில் ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி; அதற்கு இணையத்தில் பார்த்த 165 வாட் எல்இடி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதுமாவா? முழுசாக எரியவிட்டால் பவளம் தாங்காது. வாட்டை விடுங்கள். உள்ளே எந்தப் பவளம் வைக்கப்போகிறீர்கள் என்று சொல்லவே இல்லையே!

என்னிடம் இருப்பது மஷ்ரூம், ஜோவாந்தஸ், லெதர் என்று மென்பவளங்கள் மட்டும். கல் மாதிரி எலும்புக்கூடு கட்டும் கடினப் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. ‘மன்னார் வளைகுடா பீஸ் சார்’ என்று யாராவது காதில் கிசுகிசுத்தால் அப்படியே நடையைக் கட்டுங்கள். மென்பவளத்தையும் எங்கிருந்து வந்தது என்று விசாரித்து பில்லோடு வாங்குங்கள்.

பவளத்தின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் சமைப்பதில் பெரும்பங்கை வாடகை மாதிரி பவளத்துக்குக் கொடுத்துவிடும். ஆகவே லைட்டில் செய்யும் தப்பு, சாப்பாட்டில் செய்யும் தப்பு. அந்தச் சாப்பாட்டை அளப்பது பி.ஏ.ஆர். (PAR), அதாவது பாசி சமைக்கப் பயன்படுத்தும் வெளிச்சத்தின் அளவு. மஷ்ரூமுக்கு ஏறக்குறைய 50 முதல் 100, ஜோவாந்தஸ், லெதருக்கு 80 முதல் 150 இருந்தால் தாராளம். அக்ரோபோரா மாதிரி கடினப் பவளத்துக்குத்தான் 200, 300 எல்லாம் வேண்டும். மொபைல் லக்ஸ் ஆப்பை நம்பாதீர்கள். லக்ஸ் நம் கண்ணுக்கான அளவு; பச்சைக்கு அள்ளிக்கொடுக்கும், நீலத்தைக் கண்டுகொள்ளாது. பவளம் பெரிதும் நம்பியிருப்பதோ 420 முதல் 480 நானோமீட்டர் வரையிலான நீலத்தை. கடலில் சிவப்பு முதல் சில மீட்டரிலேயே கரைந்துவிடும், ஆழத்துக்குப் போவது நீலம்தான். எல்இடியில் நீல விளக்குகளும் வெள்ளை விளக்குகளும் தனித்தனி சேனல்; வெள்ளை சேனல் பெரும்பாலும் நம் கண்ணுக்காக.

இதெல்லாம் தெரியாமல் நானும் அதே மாதிரி ஒரு லைட்டைத்தான் முதலில் வாங்கினேன். வந்த உற்சாகத்தில் நீலம் 100 சதவீதம், வெள்ளை 100 சதவீதம். தொட்டி கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்த மஷ்ரூம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருண்டு, நிறம் வெளுத்துக் கிடந்தது. நுண்பாசியை வெளியேற்றிவிட்டது. பதறிப்போய் பாறை நிழலுக்கு நகர்த்தி, நீலத்தை 30, வெள்ளையை 5 ஆக்கினேன். நிறம் திரும்ப இரண்டரை மாதம் ஆனது. நகர்த்தாமல் விட்ட ஒன்று கூழாகிப் போனது. வெளிச்சம் பற்றாவிட்டாலும் தெரியும்: மூலையில் இருந்த ஜோவாந்தஸ் பூக்கள் கழுத்தை நீட்டி, ஜன்னலோரச் செடி மாதிரி லைட் பக்கம் சாய்ந்து நின்றன.

எனவே வாட்டைப் பார்க்காமல், நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் குறைக்கிற வசதியும் டைமரும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த 165 வாட்டையே வாங்கினாலும் நீரிலிருந்து ஒரு அடி உயரத்தில் தொங்கவிட்டு 25, 30 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். வாரம் 5 சதவீதம் ஏற்றலாம். பவளம் சுருங்கினால் நிறுத்திவிட வேண்டும். ஒரு நாளைக்கு 8, 9 மணி நேரம் போதும். மெட்டல் ஹேலைடு என்ற சூடு கக்கும் விளக்கின் பக்கமே போகாதீர்கள், சென்னை மே மாதத்தில் தண்ணீர் சூடேறி, அதைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்துக்கும் சேர்த்து அழ வேண்டியிருக்கும்.

பி.ஏ.ஆர். மீட்டர் விலை அதிகம். ஒரு நண்பரிடம் ஒரு நாள் இரவல் வாங்கினேன். மஷ்ரூம் இருக்கும் இடத்தில் 55 காட்டியது, நான் நினைத்திருந்ததில் பாதி. லைட் போய்விட்டது என்று நினைத்தேன். நண்பர் லைட்டின் லென்ஸைத் தடவிக் காட்டினார், விரலில் வெள்ளையாக உப்பு. ஈரத்துணியால் துடைத்துவிட்டு அளந்தால் 85. இப்போது ஞாயிறுதோறும் தண்ணீர் மாற்றும்போது அதையும் துடைத்துவிடுகிறேன்.