கழிமுகத்தில் அழிந்த கடற்புல்லை மறுபடி நட்டால் பிழைக்குமா?

தண்ணீரைப் பொறுத்தது. கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள்; சீக்கிரமே கண்ணுக்கு மறைந்தால் அடியில் வெளிச்சம் போதாது, நடுவது வீண்.

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 1984 முதல் விமானத்திலிருந்து படமெடுத்துப் புல்பரப்பை அளக்கிறார்கள். வயல் உரமும் சாக்கடையும் பாசியைப் பெருக்கி நீரைக் கலக்கியதுதான் அங்கே பெரிய தலைவலி. அந்தச் சத்துக்கழிவு குறைந்ததும் பல இடங்களில் யாரும் நடாமலே புல் திரும்பியது!

பக்கத்து வர்ஜீனியாக் கடலோரக் காயல்களில் கதை வேறு. 1930களில் நோயும் புயலும் புல்லைத் துடைத்தெடுத்தன. நீர் தெளிவாகத்தான் இருந்தது, விதைதான் வந்து சேரவில்லை. பூத்த தண்டுகளைப் பறித்து, தொட்டியில் விதை உதிரவிட்டு, இலையுதிர்காலத்தில் படகிலிருந்து கையால் தூவினார்கள். 7 கோடிக்கும் மேல் விதைகள். சுமார் 3,600 ஹெக்டேருக்குப் புல் பரவிவிட்டது.