சீசர்: ஒரு குடும்பப் பெயர் பட்டமான கதை

கேள்வி: 'ரோமப் பேரரசர் ஜூலியஸ் சீசர் தாயின் வயிற்றை அறுத்து எடுக்கப்பட்டவர்; அதனால்தான் அறுவைப் பிரசவத்துக்கு சிசேரியன் என்று பெயர்' என்று போட்டித் தேர்வு வழிகாட்டி ஒன்றில் படித்தேன். ஜெர்மனியின் கெய்சரும் ரஷ்யாவின் ஜாரும் அவர் பெயரிலிருந்து பிறந்தவையே என்கிறது அதே பக்கம். நம்பலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: கெய்சர், ஜார் பற்றிச் சொன்னது சரி. மற்ற இரண்டும் தவறு. ஜூலியஸ் சீசர் பேரரசர் அல்லர். வயிற்றை அறுத்து எடுக்கப்பட்டவரும் அல்லர். இந்த இரண்டு தவறுகளும் தேர்வு எழுதும் பிள்ளைகளின் தலையில் ஆண்டுதோறும் ஏற்றப்படுகின்றன என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் பிரசவம். சீசர் பிறந்தது கி.மு. 100-ல். அவருடைய தாய் அவுரேலியா இறந்தது கி.மு. 54-ல், மகன் பிரிட்டன் மீது இரண்டாம் முறை படையெடுத்த ஆண்டில். கி.மு. 62-ல் பெண்கள் மட்டுமே கலந்துகொள்ளும் ஒரு சடங்கில் குளோடியஸ் என்ற இளைஞன் பெண் வேடமிட்டு நுழைந்தபோது, கதவுகளை அடைக்கச் சொல்லி, தீவட்டியோடு வீடு முழுக்கத் தேடிப் பிடித்தவர் இந்த அம்மாள்தான். அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுப்பது, தாய் இறந்த பிறகோ, இனிப் பிழைக்கமாட்டாள் என்று ஆன பிறகோ மட்டும் நடந்த காரியம். இறந்த கர்ப்பிணியைக் குழந்தையோடு சேர்த்துப் புதைக்கக் கூடாது, குழந்தையை வெளியே எடுத்த பிறகே புதைக்க வேண்டும் என்று ரோமில் ஒரு பழஞ்சட்டமே இருந்தது. உயிருள்ள பெண்ணுக்கு இதைச் செய்யலாம் என்று பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா ரூசே நூல் எழுதி வாதாடியது 1581-ல். அதன் பிறகும் மூன்று நூற்றாண்டுகள் பெண்கள் செத்துக்கொண்டேதான் இருந்தார்கள். அறுத்த கருப்பை தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நம்பி அதைத் தைக்காமல் விட்டதும், ரத்தப்போக்கும், சீழ் பிடித்ததும்தான் காரணம். கருப்பையை முறையாகத் தைத்தே ஆகவேண்டும் என்று ஜெர்மன் மருத்துவர் மாக்ஸ் சேங்கர் நிறுவியது 1882-ல்தான். அறுவைக்குப் பின் ஒரு தாய் நாற்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது கி.மு. முதல் நூற்றாண்டில் நடக்கக்கூடியதே அல்ல.

அப்படியானால் கதை எங்கிருந்து வந்தது? கி.பி. 79-ல் இறந்த ரோம எழுத்தாளர் பிளினி எழுதிய ஒரு வரியிலிருந்து. 'சீசர்களில் முதல்வர்' தாயின் கருப்பை வெட்டப்பட்டுப் பிறந்ததால் அந்தப் பெயர் பெற்றார் என்கிறார் அவர். லத்தீனில் 'வெட்டப்பட்ட' என்பதற்குச் சொல் 'கைசுஸ்'. பிளினி சொன்னது அந்தக் குடும்பத்தின் ஏதோ ஒரு மூதாதையை. பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்த ஒரே சீசர் ஜூலியஸ்தான் என்பதால் கதை அவர் மேல் ஏறிவிட்டது. ஜூலியஸ் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கி.மு. 208-ல், செக்ஸ்டஸ் ஜூலியஸ் சீசர் என்பவர் ரோமில் ப்ரீட்டர் என்ற உயர் அதிகாரப் பதவியில் இருந்திருக்கிறார். பெயர் பழையது.

பிளினியின் விளக்கம் தவிர இன்னும் மூன்று உண்டு. யானைக்கு ஆப்பிரிக்க மூர்களின் மொழியில் 'கைசாய்' என்று பெயர், யானையைக் கொன்ற மூதாதைக்கு அது பட்டமானது என்பது ஒன்று. அடர்ந்த தலைமுடியைக் குறிக்கும் 'கைசரியேஸ்' என்பது ஒன்று. சாம்பல் நீலக் கண்ணைக் குறிக்கும் 'கைசியுஸ்' என்பது இன்னொன்று. நான்கும் பெயர் வழக்கில் வந்து சில நூற்றாண்டுகள் கழித்து, ஒலி ஒற்றுமையை வைத்துக் கட்டியவை. ஜூலியஸ் கி.மு. 49-ல் வெளியிட்ட வெள்ளிக் காசில் யானையும் அதன் கீழே 'சீசர்' என்ற எழுத்தும் இருப்பதைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். குடும்பம் அந்தக் கதையை விரும்பியது என்பதற்கு வேண்டுமானால் அது சான்று. சொல்லின் வேருக்கு ஆகாது.

சொல்லின் வேரை விட, அது எப்படிப் பட்டமானது என்பதே முக்கியம். காயஸ் ஜூலியஸ் சீசர் என்பதில் காயஸ் இயற்பெயர், ஜூலியஸ் குலப்பெயர், சீசர் அந்தக் குலத்தின் ஒரு கிளைக்குரிய பெயர். அவர் வகித்த உச்சப் பதவி 'வாழ்நாள் சர்வாதிகாரி'. அதைப் பெற்ற சில வாரங்களில், கி.மு. 44 மார்ச் 15 அன்று, கொல்லப்பட்டார். உயிலைத் திறந்து பார்த்தால், சகோதரியின் பேரனான பதினெட்டு வயது ஒக்டேவியஸைத் தத்து எடுத்திருந்தார். அந்தப் பையன் விரைவிலேயே தன்னை காயஸ் ஜூலியஸ் சீசர் என்று அழைத்துக்கொண்டான். பாடநூல்கள் எழுதும் 'ஒக்டேவியன்' என்ற பெயரை அவன் தனக்குச் சூட்டிக்கொண்டதே இல்லை. காரணம் வெளிப்படை: இறந்தவரின் பழைய படைவீரர்கள் அந்தப் பெயருக்குப் பின்னால் வந்தார்கள். 'எல்லாவற்றுக்கும் ஒரு பெயருக்குக் கடன்பட்டிருக்கிற பையன்' என்று சீசரின் தளபதியாக இருந்த ஆண்டனி அவனைச் சாடியது துல்லியமான கணிப்பு. எகிப்து அரசி கிளியோபாட்ராவுக்குச் சீசர் மூலம் பிறந்தவன் என்று சொல்லப்பட்ட சிசேரியன் என்ற இளைஞனையும் அவன் கி.மு. 30-ல் கொன்றான். 'சீசர்கள் பலர் இருப்பது நல்லதல்ல' என்று அப்போது ஓர் ஆலோசகர் சொன்னதாக கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். மூன்று ஆண்டுகளில் அவனுக்கு அகஸ்டஸ் என்ற சிறப்புப் பெயர் வந்தது. முதல் பேரரசர் என்று எழுத வேண்டியது இவரைத்தான்.

அதுவரையிலும் சீசர் குடும்பப் பெயர்தான். கி.பி. 41-ல் ஆட்சிக்கு வந்த கிளாடியஸ் அந்தக் குடும்பத்தில் பிறந்தவரும் அல்லர், தத்து எடுக்கப்பட்டவரும் அல்லர். ஆனாலும் சீசர் என்று சூட்டிக்கொண்டார். 68-ல் நீரோ இறந்ததும் வம்சமே அற்றுப்போனது. பெயர் அறவில்லை. அடுத்து வந்த கல்பா அதை எடுத்துக்கொண்டார். வைட்டெல்லியஸ் முதலில் மறுத்து, நிலைமை மோசமானபோது ஏற்றார். வெஸ்பாசியனுக்கும் சீசர் குடும்பத்துக்கும் ரத்த உறவு அறவே இல்லை. அவரோ 'இம்பெராத்தர் சீசர்' என்றே தன் பெயரைத் தொடங்கினார் (இம்பெராத்தர் என்றால் படைத்தலைவர், பின்னாளில் பேரரசர்). பட்டமாக மாறிய தருணம் இதுதான்: குடும்பம் முடிந்துபோன பிறகும் பெயர் இல்லாமல் அரியணையில் உட்கார முடியவில்லை. 293-ல் டயோக்ளீஷியன் ஆட்சியை நால்வருக்குப் பங்கிட்டபோது மூத்தவர் இருவர் அகஸ்டஸ், இளையவர் இருவர் சீசர். அதாவது அப்போது அது அடுத்த வாரிசின் பட்டம். கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தில் இன்னும் கீழே இறங்கியது. 1081-ல் அதன் பேரரசர் முதலாம் அலெக்சியஸ் தன் மைத்துனருக்குச் சீசர் பட்டம் தருவதாக வாக்களித்துவிட்டு, அண்ணனுக்காக அதைவிட உயர்ந்த புதுப் பட்டம் ஒன்றை உண்டாக்கினார்.

அகஸ்டஸ் காலத்து லத்தீனில் உச்சரிப்பு 'கைசர்'. அப்போதே கடன் வாங்கிய ஜெர்மானிய மொழிகள் 'க'வை விடவில்லை. கிரேக்கம் வழியே போன அரபியும் பாரசீகமும் விடவில்லை. ஸ்லாவிய மொழிகளில் அது 'த்சேசர்' ஆகி, தேய்ந்து, 'த்சார்' ஆனது. பல்கேரியாவின் சிமியோன் 913-லும், மாஸ்கோவின் நான்காம் இவான் 1547-லும் அந்தப் பெயரில் முடிசூட்டிக்கொண்டார்கள். 1721-ல் மகா பீட்டர் 'இம்பெராத்தர்' என்ற பட்டத்துக்கு மாறினார். அதன் பிறகும் ஜார் என்று சொன்னது மக்கள் வழக்கு. தமிழில் பாரதி 'புதிய ருஷ்யா'வில் ஜார் என்றே எழுதினார். ஆங்கிலம் வழியே நமக்கு வந்த 'சீசர்'தான் மூலத்திலிருந்து அதிகம் விலகிய ஒலி. சிசேரியனுக்கு ஜெர்மனியர் தம் மொழியில் 'கெய்சர் வெட்டு' என்பார்கள், அரபியில் 'கைசரிய்யா'. பிளினியின் வரி இப்படி உலகம் சுற்றியிருக்கிறது.

தமிழகத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் உள்ள உறவு ஆங்கிலேயரோடு தொடங்கியதல்ல. கொங்கு வட்டாரத்தில் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் இரண்டு வகைகள் மிகுதி. ஒன்றில் முன்பக்கம் அகஸ்டஸின் தலை, சுற்றி 'சீசர் அகஸ்டஸ், தெய்வமானவரின் மகன், நாட்டின் தந்தை'. பின்பக்கம் கேடயமும் ஈட்டியுமாக அவர் தத்து எடுத்த பேரப்பிள்ளைகள் காயஸும் லூசியஸும் நிற்க, 'சீசர்கள்' என்று பன்மையில் எழுத்து. இன்னொன்று அகஸ்டஸுக்கு அடுத்து வந்த பேரரசர் திபேரியஸின் காசு. பின்பக்கம் செங்கோலோடு அமர்ந்த ஒரு பெண். வரி கொடுப்பது நியாயமா என்று கேட்டவர்களிடம் இயேசு வாங்கிப் பார்த்த காசு இந்த இரண்டாம் வகை என்பது நாணயவியலாரின் நெடுநாள் கருத்து. 'இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது' என்று அவர் கேட்க, தமிழின் பழைய மொழிபெயர்ப்பில் பதில் 'இராயனுடையது'. சீசரை இராயன் ஆக்கிய அந்தக் கை விஜயநகரத்து ராயர்களை அறிந்த கை. ஒரு பட்டத்துக்கு நம் மண்ணின் பட்டத்தையே வைத்தது அழகான தேர்வு. கத்தோலிக்கர்களின் திருவிவிலியம் பின்னர் 'சீசர்' என்றே போட்டது.

வடக்கே இன்னொரு சான்று. இன்றைய பாகிஸ்தானின் அட்டோக் அருகே ஆரா என்ற இடத்தில் கிடைத்த குஷாணக் கல்வெட்டில் ஒரு கனிஷ்கருக்கு 'மகாராஜ ராஜாதிராஜ தேவபுத்ர கைசர' என்று பட்டங்கள் அடுக்கப்பட்டுள்ளன. கடைசிச் சொல்லை அறிஞர் பலரும் ரோமப் பட்டமாகவே படிக்கிறார்கள்.

பிரிட்டன் வந்து சேர்ந்தது வெகு பின்னால். 1876-ல் பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி கொண்டுவந்த அரச பட்டச் சட்டப்படி விக்டோரியா இந்தியாவின் பேரரசி ஆனார். 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் அறிவிப்பு. பழைய வெள்ளி ரூபாய் கையில் இருந்தால் பாருங்கள்: 1862 என்று போட்டதில் 'விக்டோரியா குயின்', 1877 முதல் 'விக்டோரியா எம்ப்ரஸ்'. இந்திய மொழிகளில் என்ன பட்டம் என்ற கேள்விக்கு லாகூர் அரசுக் கல்லூரியின் முதல்வர் லைட்னர் 'கைசர்-இ-ஹிந்த்' என்று சொல்லிக்கொடுத்தார். பாதுஷா என்றால் மொகலாயர் நினைவு வரும். 1857 நடந்து இருபதே ஆண்டுகள் ஆகியிருந்தன. கைசர் என்றால் உருது, பாரசீகம் படித்தவருக்குப் புரியும், டெல்லியின் எந்த அரசரையும் நினைவூட்டாது. அதே பெயரில் 1900-ல் பதக்கமும் வந்தது. 1915-ல் காந்தி அதைப் பெற்று, 1920 ஆகஸ்டில் திருப்பி அனுப்பினார்.

1914-ல் இந்த ஒரே சொல்லின் வடிவங்களைப் பெர்லின், வியன்னா, பீட்டர்ஸ்பர்க், பல்கேரியாவின் சோபியா, லண்டன் ஆகிய ஐந்து தலைநகரங்களின் மன்னர்கள் தாங்கியிருந்தார்கள். செப்டம்பர் 22 இரவு கெய்சர் வில்ஹெல்மின் எம்டன் கப்பல் குண்டு வீசிய சென்னை, அவருடைய மாமன் மகனான 'கைசர்-இ-ஹிந்த்' ஐந்தாம் ஜார்ஜின் ஊர். அடுத்த நான்கு ஆண்டுகளில் பீட்டர்ஸ்பர்க், பெர்லின், வியன்னா மூன்றிலும் பட்டம் போனது. பல்கேரியாவின் கடைசி த்சார், ஒன்பது வயதுச் சிறுவன் இரண்டாம் சிமியோன், 1946-ல் நாட்டை விட்டு வெளியேறினான். 1948 ஜூன் 22-ல் வந்த பிரகடனம் ஆறாம் ஜார்ஜின் பட்டங்களிலிருந்து 'இந்தியப் பேரரசர்' என்பதை நீக்கியது.